நிழல் பார்த்து வண்டி நிறுத்துகிறவர்

எங்கள் பஸ் ஊர் சுற்றிக் காட்டுகிற பஸ். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஏழு இடம் காட்டிவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் அதில் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பது, மைக்கில் நாலு வார்த்தை சொல்வது, ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள் திரும்பி வந்ததும் தலையை எண்ணுவது, இவ்வளவுதான் வேலை.

வண்டி ஓட்டுகிற அண்ணனுக்கு ஆபீசில் 'நிழலு' என்று பெயர். கேலியாக வைத்ததுதான், ஆனால் பொருத்தமாக நின்றுவிட்டது. அரண்மனையில் பத்தரை மணி வரைக்கும் மதிலோரம் நிழல். மியூசியத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரம், அதுவும் பன்னிரண்டு வரைக்கும். இப்படி ஊரில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று அவருக்கு அத்துப்படி. அதனால்தான் எங்கள் வண்டியில் திரும்பி வந்து உட்காருகிறவனுக்கு சீட்டு சுடாது. அது டிரைவர் புண்ணியம் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார். கல்லுளிமங்கன்.

பத்து வருடமாக அந்த ஏழு இடத்துக்கும் வண்டி ஓட்டுகிறார். ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. வண்டியை விட்டு டிரைவர் போகக்கூடாது என்பது கம்பெனி சட்டம். ஆட்கள் உள்ளே போனதும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்வார். நாற்பது நிமிஷம் என்றால் நாற்பதாவது நிமிஷம் தானாக விழிப்பார். துண்டை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எல்லாரும் வந்தாச்சா?"

அவருக்கு ஒரு பெண். அதற்கு நாலு வயதாக இருக்கும்போது சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது லாரியில் இருந்தார், பத்து நாள் இருபது நாள் என்று வீட்டுப் பக்கமே வர முடியாத ஓட்டம். பிள்ளையை அவர் அக்கா தூக்கிக்கொண்டு போய் தன் ஊரில் வைத்து வளர்த்தார். பன்னிரண்டு வருடம் ஓடிப்போனது. இப்போது அந்த அக்கா தன் மகன் வீட்டோடு போகிறார், அங்கே இடம் பற்றாது. பிள்ளைக்கு இரண்டே வழி. இங்கே வந்து அப்பாவோடு இருந்து பதினொன்றாம் வகுப்பு சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊரிலேயே விடுதி. அண்ணன் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கி வைத்துவிட்டார். பிள்ளையிடம் போனில் கேட்டதற்கு, "ஊரப் பாத்துட்டு சொல்றேன்" என்றதாம்.

"ஒரு நாள்தான் வர்றா. காலைல வந்து ராத்திரி பஸ்ல போறா. மறுநாளோட ஃபாரம் குடுக்கற தேதி முடியுது" என்றார் என்னிடம்.

"கூட்டிட்டுப் போய் காட்டுண்ணே. ஊரே உன் கைக்குள்ள இருக்கு."

"எனக்குப் பேச வராதுடா. நீயும் வா." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தடவ விட்டா அப்புறம் அவ கல்யாணத்துக்கு நான் விருந்தாளி மாதிரிதான் போய் நிக்கணும்" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

சீசன் நேரத்தில் இரண்டு பேரும் லீவு கேட்டதற்கு மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எப்படியோ வாங்கினோம்.

பிள்ளை விடியற்காலையில் வந்து இறங்கியது. ஒல்லியாக, உயரமாக, தொப்பி போட்டுக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. பையை வைக்க அறைக்குப் போனோம். மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. அண்ணன் பெருக்கித் துடைத்து, அவளுக்கென்று புதுக் கட்டில் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் போட்டிருந்தார். பஸ் கண்ணாடியில் பார்த்தே சவரம் செய்கிற மனுஷன், சுவரில் புதிதாக ஒரு கண்ணாடியும் மாட்டியிருந்தார். அந்த நேரத்தில் ஜன்னலில் காற்று நன்றாகவே வந்தது. பிள்ளை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

டவுன் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு அரண்மனை. அப்போதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அண்ணன் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு டிக்கெட்.

"நீங்க வரலையா?" என்றாள் பிள்ளை.

"நீயும் சித்தப்பாவும் போயிட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"எந்த வண்டிய?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். மதிலோரத்தில் காலி இடம்தான் இருந்தது. பார்க்கிங் சீட்டுக் கிழிக்கிறவன் அந்தப் பக்கமிருந்து, "என்ன நிழலு, வண்டிய வீட்லயே மறந்துட்டு வந்துட்டியா?" என்று கத்தினான். பிள்ளைக்கு உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. அண்ணன் காது சிவந்துபோய், "நாற்பது நிமிஷம். வந்துருங்க" என்றவர் தன் வழக்கமான இடத்துக்கே போய் நின்றுகொண்டார்.

உள்ளே நான் மைக் இல்லாமல் பாடத்தை ஒப்பித்தேன். ராஜாவின் கட்டில் வந்ததும், "நாலு காலும் யானைத் தந்தம், ஒரே தந்தத்துல கடைஞ்சது" என்றேன்.

"சித்தப்பா, இது எலும்பாம். ஒட்டகம். போர்டுல போட்டிருக்கு."

ஒன்பது வருடமாகத் தந்தம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பயல் கேட்டதில்லை. "அது புதுசா மாட்டின போர்டு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

வெளியே வந்தால் அண்ணன் மதிலோடு மதிலாக நிற்கிறார், கையில் மூன்று தண்ணீர் பாட்டில். பிள்ளையிடம் ஒன்றை நீட்டி, "நல்லா இருந்துச்சா?" என்றார். "ம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மியூசியத்திலும் அதே கதை. இரண்டு டிக்கெட், ஐம்பது நிமிஷம், அவர் மரத்தடியில். உள்ளே திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிற கூடத்தில் பெரிய மின்விசிறி ஒன்று ஓடும். பிள்ளை அதற்கடியில் நின்று அந்த எலும்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஆசையாகப் பார்த்தது அது ஒன்றைத்தான். எனக்கோ கண் கடிகாரத்தில்.

"நேரமாச்சும்மா. வா, வா."

"எதுக்கு சித்தப்பா ஓடணும்? வண்டி கிளம்பிருமா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தலை எண்ணிப் பழகிய புத்தி, மணி ஆகிவிட்டால் நிற்காது.

அடுத்து கோபுரம். இருநூற்றுச் சொச்சம் படி, உச்சியிலிருந்து பார்த்தால் ஊரே தெரியும் என்பார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. பிள்ளைக்கு ஷூ கடித்து, குதிகாலில் கொப்புளம். மூஞ்சி வெந்து சிவந்திருந்தது.

அண்ணன் டிக்கெட் வாங்கப் போனார். "எனக்கு வேணாம்" என்றாள்.

"ஏம்மா? இதுதான் பெரிய இடம்" என்றேன் நான்.

"எல்லா இடமும் ஒண்ணுதான் சித்தப்பா. டிக்கெட், வரிசை, வெயில். முடிச்சிட்டு வெளிய வந்தா அப்பா தண்ணி பாட்டிலோட நிக்கறாங்க. அதுக்கு அத்தை ஊர்லயே இருந்திருப்பேன். அங்கயும் அப்படித்தான், வருஷத்துக்கு ரெண்டு தடவ வாசல்ல வந்து நிப்பாங்க, போயிருவாங்க."

"பேசறதப் பாத்துப் பேசு. உனக்காகத்தான் லீவு போட்டு..."

"நீ சும்மா இருடா" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. வரிசையிலிருந்து விலகி, எங்களைப் பார்க்கிங் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெளியூர் பஸ் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு நிழல். "இதுல உக்காரும்மா. முதுக வண்டி மேல சாய்க்காத, சுடும்."

மூன்று பேரும் வரிசையாகக் குந்தினோம். அப்புறம் அந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது. வெயில் முகத்தில் வந்து அறைந்தது. பிள்ளை எழுந்திருக்கப் போனாள். அண்ணன் கோபுரத்தை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலடி தள்ளி உக்காரு. ரெண்டு நிமிஷத்துல கோபுரத்து நிழல் வந்துரும்."

வந்தது. கறுப்புப் பாய் விரித்த மாதிரி நகர்ந்து வந்து முதலில் அவள் கால் மேலும், அப்புறம் மடி மேலும் ஏறியது. பிள்ளை காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள்.

"எவ்ளோ நேரம் இருக்கும்?"

"இருபது நிமிஷம். அப்புறம் அந்த டீக்கடைப் பக்கம் போயிரும்."

"ஊரு முழுக்க இப்படித் தெரியுமா உங்களுக்கு?"

"நிறுத்தற இடம் வரைக்கும் தெரியும்."

அவள் கொப்புளத்தை ஊதிக்கொண்டே கேட்டாள். "அப்ப உங்க ரூம்ல? மத்தியானம் வெயில் எந்தப் பக்கம் வரும்?"

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நானும் யோசித்தேன். காலை ஏழுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற மனுஷன். வார லீவிலும் பட்டறையில் வண்டியோடு கிடப்பார். அந்த அறையைப் பகலில் அவர் பார்த்ததே இல்லை.

"தெரியாதும்மா" என்றார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

மீதி நாலு இடத்தையும் விட்டுவிட்டுத் திரும்பினோம். அறைக் கதவைத் திறந்ததும் அடுப்பு வாயில் முகத்தைக் கொடுத்த மாதிரி அடித்தது. மணி மூன்றரை. ஜன்னல் வழியாக வெயில் நேரே உள்ளே இறங்கி, புதுக் கட்டில் மேல், புதுத் தலையணை மேல் காய்ந்துகொண்டிருந்தது. புதுக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் திருப்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. நான் சுவரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஊரில் வந்தவன் போனவனுக்கெல்லாம் சீட்டு சுடாமல் பார்த்துக்கொண்ட ஆள், சொந்த மகள் கட்டிலை வெயிலுக்கு நேராகப் போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். வியர்வையில் ஊறித் துணி மாதிரி தொங்கியது. "இதுல எப்படி உன்ன இருன்னு சொல்றது. நீ விடுதியிலயே..." என்று இழுத்தார்.

பிள்ளை வெறுங்காலோடு தரை சுட, நொண்டிக்கொண்டே உள்ளே போய், வெயில் படாத இடமாகத் தேடி நின்றாள். "வண்டியா இருந்தா எங்க நிறுத்துவீங்க?"

அண்ணன் ஜன்னலண்டை போய் வெளியே எட்டிப் பார்த்தார். பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்த வெயிலைக் காலால் அளந்தார். பார்க்கிங்கில் இறங்கி நின்று பார்க்கிற அதே பார்வை.

"அஞ்சு மணிக்கு அந்தத் தொட்டி மறைச்சிரும். அது வரைக்கும் வெயில் இந்தக் கோட்டத் தாண்டாது. கதவுக்குப் பின்னால, அந்த மூலை. அங்க எப்பவும் நிழல்தான். காத்து கொஞ்சம் கம்மி. ஒரு ஃபேன் வாங்கிப் போட்டா சமாளிக்கலாம்."

"அப்ப அந்த மூலை எனக்கு" என்றாள் பிள்ளை. "நீங்க எங்க படுப்பீங்க?"

"நான் என்னைக்குப் பகல்ல இங்க இருந்தேன்."

"வார லீவுக்கு இருக்கணும். அத்தைகிட்ட அதச் சொல்லித்தான் நான் சரின்னு சொல்லுவேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நானும் அவரும் கட்டிலைத் தூக்கி மூலையில் போட்டோம். அவள் விண்ணப்பத்தைப் பிரித்து ஜன்னல் கம்பியில் செருகினாள். ஐந்தே நிமிஷத்தில் அப்பளமாகக் காய்ந்தது. "இதுக்காச்சும் உதவுச்சு" என்று முனகிக்கொண்டே கட்டிலில் குப்புறப் படுத்துப் பூர்த்தி செய்ய ஆரம்பித்தாள். மை ஒன்றிரண்டு இடத்தில் பரவியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏற்பார்களோ மாட்டார்களோ என்று எனக்கு ஒரு கவலை.

அண்ணன் வாசல்படியில் சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். எனக்கும் எழுந்து வீட்டுக்குப் போகத் தெம்பில்லை. சுடாத ஒரு துண்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பேனாவைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

சரியாக நாற்பது நிமிஷம். துண்டு அசைந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

நான் எண்ணினேன். "வந்தாச்சுண்ணே. மூணு பேர். எந்திரிச்சு ஒரு கையெழுத்து போடு."