சேஸிஸுக்குப் போட்ட பலம்

போன மாதம் ஒரு காலையில் கொட்டுகிற மழை. யாங்கோனின் தாகேதா பகுதியிலிருந்து ரோஸி போன் செய்தாள். ரோஸி என் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா மகள். நிறைமாதம். கணவன் கப்பல் வேலையில் இருக்கிறான்.

"சித்தப்பா, வலி வந்துருச்சு. தெருவுல முழங்கால் தண்ணி. டாக்ஸிக்காரன் எவனும் உள்ள வரமாட்டேங்கிறான். உங்க ஜீப்பு...?"

என் ஜீப்! இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்?

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாங்கோன் மழையைச் சமாளிக்க, என் பழைய ஜீப்பின் ஸ்பிரிங்குகளை மாற்றி உயர்த்தியிருந்தேன். பார்க்க ஜோர்தான். ஆனால் மேடுபள்ளத்தில் விட்டு ஆட்டியதில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் விரிசல் விழுந்தது. லான்மடா பகுதியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் கோ ஹமீதிடம் ஓடினேன். ‘கோ’ என்றால் பர்மிய மொழியில் அண்ணன்; என்னை அவர் ‘செயா’ என்பார், அதாவது ஐயா.

"கியர்பாக்ஸுக்கு அடியில பலமா ஒரு குறுக்குச் சட்டம் வச்சு வெல்டிங் அடிச்சிருவோம் செயா. யானை ஏறினாலும் அசையாது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் தடிமனா வைங்களேன்" — இது நான்.

அன்றிலிருந்து வேகம் எடுத்தாலே வண்டி நடுங்கியது. டயர் சரியில்லை என்றார் ஹமீது. ரோடு சரியில்லை என்றேன் நான். "நீங்க ரெண்டு பேரும் கை வச்ச பிறகுதாங்க ஆடுது" என்றாள் ஸ்டெல்லா. மெக்கானிசம் தெரியாதவள் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன்.

சரி, தாகேதாவுக்கு வருவோம். ஸ்டெல்லாவையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்தபடி நுழைந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் ரோஸியால் ஏற முடியவில்லை... அவ்வளவு உயரம்! பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீரில் போட்டு, ஸ்டெல்லா தாங்கிப் பிடித்து ஒருவழியாக ஏற்றினோம்.

ஆஸ்பத்திரி வழியில் இருக்கும் பாலம் வரை நான்தான் ஹீரோ. அங்கே வேகத்தைக் கூட்டினேன். வண்டி உதறியது.

"சித்தப்பா... மெதுவா..."

அடியில் டமார் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை! பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட், ஜாயின்ட் உடைந்து ரோட்டில் தொங்கியது. முன்சக்கரங்களாவது இழுக்கட்டும் என்று ஃபோர் வீல் லீவரைப் பிடித்தேன். அது எப்போதோ இறுகிப்போயிருந்தது. அலங்காரத்துக்கு மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. மழையில் இறங்கி, பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைநீட்டி மறித்தாள். டிரைவர் ரோஸியை ஒரு பார்வை பார்த்தார். கதவு திறந்தது. முன் சீட்டிலிருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். பஸ் தன் ரூட்டை விட்டு நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதாம். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம்.

பாலத்தில் நானும் ஜீப்பும் மட்டும். இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அப்போது ஒரே நினைப்புதான். வழியில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்...?

மதியம் ஸ்டெல்லாவின் போன். "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" அழுதுவிட்டேன்.

பிறகு நானும் ஹமீதும் வண்டிக்கு அடியில் படுத்து, செல்போனை வைத்துக் கோணம் பார்த்தோம். விஷயம் புரிந்தது. வண்டியை உயர்த்தியதிலேயே ஷாஃப்ட் சரிவாகிவிட்டது. எங்கள் தடிமன் சட்டம் கியர்பாக்ஸின் பின்பக்கத்தையும் மேலே தூக்கிவிட்டது. ஷாஃப்ட்டின் மேல் ஜாயின்ட்டில் ஒரு கோணம், கீழ் ஜாயின்ட்டில் வேறு கோணம். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஷாஃப்ட் சீராகச் சுற்றும். இல்லாவிட்டால் நடுங்கும், கடைசியில் ஜாயின்ட்டை உடைக்கும்.

"சேஸிஸ் மட்டும் அசையவே இல்ல பாத்தீங்களா செயா" என்றார் ஹமீது, பெருமையாக.

சட்டத்தை அறுத்துத் தாழ்த்தினோம். பின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஆப்பு வைத்து, பின்சக்கர அச்சான ஆக்ஸிலைத் திருப்பி, இரண்டு கோணங்களையும் சமமாக்கினோம். நடுக்கம் நின்றது. ஓரிடத்தைப் பலப்படுத்தும்போது பக்கத்தில் என்னென்ன இடம் மாறுகிறது என்று யார் பார்க்கிறோம்? நான் பார்க்கவில்லை. வெல்டிங் பொறியைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ரோஸி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாப்பாவுக்கு ஞானஸ்நானம், சித்தப்பா. அவசியம் வந்துருங்க."

"ஜீப்பைக் கொண்டு வரட்டுமாம்மா? இப்ப எல்லாம் சரியாயிருச்சு!"



"நீங்க மட்டும் வாங்க, சித்தப்பா."