விரலை மடக்கச் சொன்னோம்

கிளிஞ்சல் சூளை எரியும் வாடை உங்களுக்குத் தெரியுமா? தும்மல் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். இன்று ராஜா அண்ணாமலைபுரம் என்று பெரிய பெரிய வீடுகள் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அடையாற்று ஓரத்தில் அப்போது இருபது முப்பது குடிசைகளும் நாலைந்து சூளைகளும் இருந்தன. தி.நகரில் ஏரியை மூடி வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு இங்கிருந்தும் வண்டியேறிப் போகும்.

முப்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன்...

நானும் காசிமும் சட்டக் கல்லூரி மாணவர்கள். அவன் மீர்சாகிப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன், நான் மயிலாப்பூர். இருவரும் ஒரே வக்கீலிடம் தொழில் பழகினோம். எங்கள் சீனியருக்கு ஒரு பிடிவாதம். கோர்ட்டுப் படியேற முடியாத ஜனங்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே போய்ச் சட்டம் சொல்லவேண்டும்.

"புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டிண்டு நிக்காதீங்கோ. எது ஒண்ணு அவாளுக்கு ஞாபகம் இருக்கணுமோ, அதை மட்டும் சொல்லுங்கோ" என்பார்.

அந்த ஒன்று எது என்று டிராமில் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்தோம். மேதாவிகள் அல்லவா! மனைகளை வாடகைக்கு விட்டிருந்த மனைக்காரரின் ஆட்கள் ஏதோ காகிதத்தை நீட்டி, வரிக் கணக்குக்கு என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிப் போவார்கள். பார்த்தால் அது காலி செய்யச் சம்மதித்த பத்திரமாக இருக்கும். ஆகவே ஒரே பாடம். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் விரலை மடக்கிக்கொள். தொடாதே.

கையை மூடிக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தோம். குழந்தைகள் உட்பட எல்லாரும் முஷ்டியைத் தூக்கிக் காட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் அளந்த அளப்பு இருக்கிறதே, கேட்கவேண்டாம்.

வகுப்பில் முதல் மாணவி அஞ்சலை. கிளிஞ்சல் பொறுக்கிச் சூளைக்குப் போடுகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். மனைதான் வாடகைக்கு, வீடு அவளே மண் குழைத்துக் கட்டியது. அப்படிக் கட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் பட்டணத்துக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. வழக்கு வந்தால், குறித்த நாளுக்குள் கோர்ட்டில் மனுக் கொடுத்து அந்த மனையையே விலைக்குக் கேட்கலாம். எனக்கு அது தலைகீழ்ப் பாடம். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. குழப்பவேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிறகு பரீட்சை வந்தது. இரண்டு மூன்று மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலை வீட்டுக் கூரை தரையில் கிடந்தது. சுவர் பாதிதான் இருந்தது. கலைந்த ஓலைமேல் அவளும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து கோர்ட்டு அமீனா வந்தாரு நைனா. ஊட்டைப் பிரிச்சுட்டாங்கோ" என்றாள். "ஆனா நீ சொன்னா மாரியே ஒரு காயிதத்தையும் நான் தொடல. முன்னாடி கோர்ட்டு சேவகன் ஒர்த்தன் வந்து இன்னாமோ நீட்டிக்கினு நின்னான். கையை மூடிக்கினேன். கதவுல ஒட்டிட்டுப் பூட்டான். அதையும் தொடலியே!"

சேவகன் நீட்டியது மனைக்காரர் போட்ட வழக்கின் சம்மன். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவான். ஒட்டினால் கொடுத்ததாகவே கணக்கு. அப்புறம் அவள் பேச்சைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். இதையெல்லாம் அந்தப் பரீட்சையில்தான் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்திருந்தேன்.

"சாமா, இந்த வீட்டை நாமதான்டா இடிச்சிருக்கோம்" என்றான் காசிம்.

சீனியரிடம் ஓடினோம். "சம்மனை ஏன் வாங்கலையாம்?" என்று கேட்டார்.

"பயந்துட்டா போலிருக்கு சார்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். காசிம் என் முகத்தைப் பார்த்தான், அவனும் பேசவில்லை.

தீர்ப்பை நீக்கச் சொல்லி சீனியர் மனுப் போட்டார். "வெறும் பயம்னா கோர்ட் கேக்காது. யாரோ தப்பா சொல்லிக்கொடுத்தான்னு ஒரு சாட்சி வந்தாக்கூடப் பிழைச்சுக்கலாம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொழிலுக்குள் நுழையும் முன்பே பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் எனக்கு.

விசாரணை நாள். நீதிபதி கேட்டார்.

"சேவகன் வந்தானா?"

"வந்தாரு சாமி."

"ஏன் வாங்கவில்லை? யாராவது வாங்காதே என்று சொன்னார்களா?"

அஞ்சலை திரும்பி எங்களைப் பார்த்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான் வாங்கல."

அவ்வளவுதான். மனு தள்ளுபடி.

வராந்தாவில் அவளை மறித்து, "ஏன் அஞ்சலை அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"உங்க பேரை இஸ்தா உங்க படிப்பு கெட்டுப் பூடாதா? எனக்குத்தான் ஊடு பூட்ச்சு. உங்களுக்கும் இன்னாத்துக்கு?" என்றாள். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் செங்கல் அறுக்கும் வேலை இருப்பதாகச் சொன்னாள். இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை...

இப்போது சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேனில் போய் இறங்குகிறார்கள். கையில் பெரிய எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ். சம்மன் வந்தால் வாங்குங்கள், உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள். பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. எங்களிடம் அன்று இருந்ததெல்லாம் உற்சாகம் ஒன்றுதான்.

போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"அன்னிக்கு அந்தம்மாவுக்கு சாட்சி சொல்ல கோர்ட்ல ஒருத்தர்கூடவா இல்ல, சார்?"

"இருந்தாங்கம்மா. ரெண்டு பேர். கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தோம்" என்றேன்.