எட்டாம் எண் இல்லாத தறிக்கூடம்

ஜலகண்டாபுரத்தில் அண்ணனின் விசைத்தறிக் கூடத்தில் இருபத்துநான்கு தறிகள். எந்தத் தறித் துணியில் என்ன குறை என்று ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பைத்தானில் புரோகிராம் எழுதத் தெரிந்த தங்கை இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

எல்லாத் தறிக்கும் பொதுவான அச்சு மாதிரி, ‘தறி’ என்று ஒரு கிளாஸ் எழுதினேன். ஒவ்வொரு தறிக்கும் ஓர் எண், ஓட்டுபவர் பெயர், குறைகளைச் சேர்க்க ஒரு காலி லிஸ்ட். பிறகு அதையே ஒன்று முதல் இருபத்துநான்கு வரை திரும்பத் திரும்ப ஓட்ட ஒரு லூப். கண் மூடித் திறப்பதற்குள் இருபத்துநான்கு ஆப்ஜெக்ட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஆளுக்கு இரண்டு தறி; தறிகள் நிற்கும் வரிசைப்படியே பெயர்களையும் நிரப்பினேன். துணி மடிப்பவர் தறியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துப் போனில் குறையைப் பதிவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாரமே பதினொன்றாம் தறியில் குறைகள் குவிந்தன. பெயரைப் பார்த்தால், இருபது வருடமாக எங்களிடம் தறி ஓட்டும் அக்கா. அண்ணன் தயங்கினார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அக்காவைத் தறியிலிருந்து எடுத்து, நூல் சுற்றும் வேலையில் உட்கார வைத்தார்.

“எந்துணி அப்படி இருக்காதுங்க, அம்மிணி,” என்றார் அக்கா. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அவர் தறியை விட்டுப் போன பிறகும் பதினொன்றில் அதே குறை. அப்போதுதான் எழுந்து போய்த் தறிகளை எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது. எட்டு ராசியில்லை என்று அப்பா காலத்திலேயே விட்டுவிட்ட எண். எட்டாவதாக நிற்கும் தறியில் ஒன்பது என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் எல்லாமே ஒன்று தள்ளி. அக்காவின் தறிகளில் எழுதியிருந்தது பன்னிரண்டும் பதின்மூன்றும். என் லிஸ்டில் அவை பதினொன்றும் பன்னிரண்டும். பதினொன்று என்று எழுதியிருந்த பக்கத்துத் தறிக்காரரின் குறையெல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தது.

லிஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தறியில் எழுதியிருக்கும் எண்ணையே சாவியாக்கி, அந்த எண்ணைக் கொடுத்தால் அந்தத் தறியே வரும்படி எல்லாத் தறிகளையும் டிக்‌ஷ்னரியில் அடுக்கினேன். பத்து நிமிட வேலை. அக்காவின் முன்னால் போய் நிற்கத்தான் அரை நாள் ஆனது. வெட்கமாக இருந்தது.

தப்பு என்னுடையது, தறிக்குத் திரும்பி வாருங்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எட்டு இல்லாதது தெரியாமல் போய்விட்டது என்றும் சொல்லி வைத்தேன்.

அக்கா மெஷினை நிறுத்தினார்.

“தெரியாதுங்களா? உங்கப்பா அந்த நெம்பரெல்லாம் எழுதுறப்போ பெயின்ட் டப்பாவைப் புடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானுங்களே, அம்மிணி.”

ஆமாம், நான்தான். எட்டை ஏன் விட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டவளும் நான்தான்.