மறைக்கிற பாஷை

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் அப்பாட்மென்ற் கட்டிடத்துக்குள் வயலின் பெட்டியோடு ஒரு பெண் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் ரேப் ரெக்கோடரோடு ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர், ஆளுக்கொரு கொப்பியோடு.

எல்லாரும் வெள்ளைக்காரர். எல்லாருக்கும் நல்ல சப்பாத்து. எல்லாருக்கும் சிரித்த முகம்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

ஏன் வராது? நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டிடத்துக்கு நல்ல சப்பாத்தோடு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, எங்களை வேதத்தில் சேர்க்க வருகிறவர்கள். மற்றது, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுத வருகிறவர்கள். முதல் வகைக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டாவது வகைக்குக் கதவே திறக்கக்கூடாது. அகதி வழக்கு முடியாத சனம் எங்கள் மாடியிலேயே எத்தனை பேர்...

அவர்கள் நேரே கீழ்த்தளத்துப் பொது அறைக்குப் போனார்கள். அங்கே கதிரைகளை வட்டமாகப் போட்டுக் காத்திருந்தது யார்? நாலாம் மாடிக் கோல்டி.

கோல்டி எண்பதை நெருங்கிய யூத மனுஷி. போலந்தில் பிறந்தவள், தனியாள். லிஃப்றில் என்னோடு ஏறினால் என் பையைச் சந்தேகமாகப் பார்ப்பாள். நான் அவளுடைய பையைப் பார்ப்பேன். நாலு வருஷமாக எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

பொது அறைக்குப் பக்கத்தில்தான் உடுப்புத் தோய்க்கிற இடம். நான் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். துணைக்குக் கமலாவையும் கூப்பிட்டேன். கமலா மட்டக்களப்பில் இங்கிலிஷ் ரீச்சர். இங்கே பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்குகிறாள். என் பக்கத்து வீடு. தன் ஊர்ப் பழக்கத்தில் என்னைக் ‘கா’ என்றுதான் கூப்பிடுவாள்.

கதவு நீக்கலால் பார்த்தோம். வளர்ந்த மனிதர்கள் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். விரல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடியது. பிழை விட்டால் கோல்டி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதிகம் தட்டு வாங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். “என்ட கடைவாய்ப் பல்லைப் பிடுங்கின டொக்டர் இவர்தான் கா,” என்றாள் கமலா.

பிறகு காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். இது யிடிஷ் என்கிற பாஷை. ஐரோப்பாவில் யூத சனம் வீட்டில் பேசியது. பேசிய சனத்தில் பெரும்பகுதியை யுத்தத்தில் கொன்றுவிட்டார்கள். தப்பி இங்கே வந்தவர்கள் பிள்ளைகளுக்கு இங்கிலிஷை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகள் கோல்டியைத் தேடி வந்து பேச்சும் பாட்டும் பழகுகிறார்கள்.

நான் நம்பவில்லை. வாய் நிறைய இங்கிலிஷ் இருக்கிறது, கை நிறைய வேலை இருக்கிறது. இவர்களுக்கு ஐம்பது வயதில் எதற்கு இந்தத் தட்டு? காரணம் இல்லாமல் யாரும் கூடையைத் தூக்குவதில்லை — நானே சாட்சி.

வயலின் தொடங்கியது. முதலில் ஒப்பாரி மாதிரி இழுத்தது. அது முடியுமுன்னே, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் துள்ளத் தொடங்கியது. அழுகிறார்களா, ஆடுகிறார்களா? ஒரு முடிவுக்கு வராத பாட்டு. அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்த நேரம் பார்த்துக் கோல்டி கதவைத் திறந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். அவள் சொன்னதைக் கமலா மெல்லத் தமிழில் சொன்னாள். “உள்ள வந்து இருக்கட்டாம் கா. வாசல்ல நிண்டு ஒட்டுக்கேக்கிற ஆக்களால தன்ட சனம் பட்டது போதுமாம்.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பல் டொக்டர் கையை உயர்த்தினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே. அங்கே பேசியதையெல்லாம் கமலா என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வசனம் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தன் காதுக்குள் இருக்கிறது, எழுதத் தெரியாது, சத்தத்தை மட்டும் சொல்லவா என்று கேட்டார். இரவுச் சாப்பாட்டு மேசையில் தாய் தகப்பனிடம் அதைக் கோபமாகச் சொல்வாளாம். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதது எல்லாம் அந்த வீட்டில் யிடிஷில்தான். தன்னைப் பற்றி ஏதோ குறை சொல்கிறாள் என்றே சின்ன வயது முழுக்க நினைத்தாராம். தாய் போன வருஷம் இறந்துவிட்டாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “கிப் தெம் கிண்ட். இஹ் ஹோப் ஷோய்ன் கெகெஸன்.”

கோல்டி சொன்ன அர்த்தம் இதுதான்: “பிள்ளைக்குக் குடு. நான் சாப்பிட்டிட்டன்.”

அதற்குத் தகப்பன் என்ன சொல்வார் என்று கோல்டி கேட்டாள். டொக்டர் அந்தச் சத்தத்தையும் சொன்னார். கோல்டி சிரித்தாள் — அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “நேற்றும் இதைத்தானே சொன்னனீ” என்பாராம் தகப்பன்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமலாவும் மூக்கை உறிஞ்சினாள். நான் அழவில்லை. அவருக்கு அதிர்ஷ்டம் என்று மட்டும் நினைத்தேன். மேசையில் மறைத்துப் பேசுகிற பேச்செல்லாம் பாசப்பேச்சாக இருந்துவிடுமா என்ன?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. மகன் நேசன், மருமகள் வசந்தி, எட்டு வயதுப் பேத்தி சுபா, நான். ஊரில் யாரைப் பிடித்தார்கள், யார் இல்லை என்ற கதைகள் சுபாவுக்குத் தெரியக்கூடாது. அதைத் தமிழில் பேசுவோம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கையோடு அவளுக்குத் தமிழ் உதிர்ந்துவிட்டது. எதைக் கேட்டாலும் இங்கிலிஷில்தான் பதில்.

சரி, எனக்குத் தெரியக்கூடாதது? அது இங்கிலிஷில். பிள்ளைக்கு மறைக்கத் தமிழ், எனக்கு மறைக்க இங்கிலிஷ்!

இரண்டு மாதமாக மேசையில் இங்கிலிஷ் கூடிவிட்டது. அதற்குள் ‘அஜக்ஸ்’ என்ற சொல் அடிக்கடி வரும். அது நகரத்துக்கு வெளியே ஒரு ஊர், வீடு மலிவு என்று சனம் அங்கே போவது எனக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘அம்மா’ என்றும் வரும். வந்தவுடன் குரல் இறங்கும். நான் கேட்கவில்லை. கேட்டு அறிகிற பழக்கம் எனக்கில்லை.

அன்றிரவு நான் பல் டொக்டர் செய்ததைச் செய்தேன். வசந்தி சோற்றுச் சட்டியைப் பார்த்தபடி சொன்ன ஒரு வசனத்தை, அர்த்தம் தெரியாமலே, வெறும் சத்தமாக மனதில் பிடித்துக்கொண்டேன். விடிந்ததும் கமலாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்: “சீனியர்ஸ் லிஸ்ற். வீல் ரெல் ஹேர் லேற்றர்.”

கமலா மடித்துக்கொண்டிருந்த துவாயைத் திரும்பவும் விரித்தாள். பிறகு மடித்தாள்.

“முதியோர் கட்டிடத்தில இடம் கேக்கிற லிஸ்ற் கா. ‘அவவுக்குப் பிறகு சொல்லுவம்’ எண்டு.”

டொக்டருக்கு அது. எனக்கு இது.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்காரும்வரை பொறுத்தேன்.

“நேசன், அஜக்ஸிலை எனக்கு ஒரு அறை இருக்கோ, இல்லையோ? தமிழிலை சொல்லு.”

அவன் கரண்டியை வைத்துவிட்டான். வசந்திதான் வாய் திறந்தாள்.

“மாமி, அங்கை வாசலிலை பஸ் இல்லை. தமிழ்ச் சனமும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு வெளிக்கிட்டால் பொழுதுபடுமட்டும் நீங்கள் தனிய. முதியோர் கட்டிடம் எண்டால் இஞ்சை கிட்டத்தான், கமலா அக்காவும் இருக்கிறா. அதுதான் எழுதிப்போட்டனாங்கள். உங்களைத் தள்ளிவிடுறதுக்கில்லை.”

“எத்தினை அறை?”

“மூண்டு,” என்றான் நேசன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. வசந்திக்கு ஆவணியில் இரண்டாவது பிள்ளை.

அவள் சொன்னதில் பாதியை நம்பினேன். மற்றப் பாதி அந்த மூன்று அறைக்குள் இருந்தது.

வெக்ஸ்போர்ட்டிலேயே இருப்பது எனக்கும் பிடித்தமாக இருக்கலாம். அதுவல்ல விஷயம். எங்கே இருப்பது என்று நான்தான் சொல்லுவேன், கேட்க வேண்டியது நீங்கள் என்றேன். பிழைதான் அம்மா என்றான் நேசன். சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுவானாம். நான் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்கமாட்டானாம். சனிக்கிழமை வரட்டும், பார்ப்போம்.

அப்போதுதான் சுபா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

“அப்பம்மா வராட்டி நானும் வரமாட்டன்.”

தமிழில். ஒரு சொல் பிசகாமல். உனக்குத் தமிழ் விளங்குமா என்று வசந்தி இங்கிலிஷில் கேட்டாள்.

“எல்லாம் விளங்கும். நீங்கள்தான் கேக்கேல்லை.”

வசந்திக்குச் சந்தோஷம். நேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ வேறு யோசனை... பின்னேரங்களில் சுபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவளுடைய தாயைப் பற்றிக் கமலாவோடு கதைப்பேன். நாலு வருஷக் கதை.

அத்தனையும் நல்ல தமிழில்.