மத்தைஸ் வாத்தியாரின் பெயர்நாள்

வண்டியையே வீடாக ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காமலேயே முப்பது வருடமாக அவர்களை வைத்துத்தான் பிழைக்கிறேன். கிரேக்க நாட்டுச் சலோனிக்கி நகரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால், சவுக்கைப் போலச் சடை சடையாகத் தொங்கும் உப்புமரங்களுக்கு நடுவே, அவர்கள் வண்டி நிறுத்தித் தங்கும் என் முகாம் இருக்கிறது. ஜெர்மன்காரன் வந்து வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, என் மண்ணிலேயே என்னைக் கால் வைக்க விடமாட்டான். பிரெஞ்சுக்காரிக்கு வெந்நீர் போதாது. செர்பியர்கள் இரண்டு குடும்பத்துக்கு இடம் கேட்டு ஐந்து குடும்பமாக இறங்குவார்கள். செப்டம்பரில் எல்லோரும் தொலைந்த பிறகுதான் நானும் என் மனைவி ஸ்மாரோவும் ஒழுங்காக மூச்சுவிடுவோம்.

மத்தைஸ் அப்படி ஒரு செப்டம்பரில்தான் தன் வண்டியோடு வந்தான். ஹாலந்துக்காரன். கதவு இடித்துவிடும் உயரம், காது வரை சிவந்த முகம். குன்றின்மேல் இருக்கும் ஆங்கிலப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்திருப்பதாகவும், ஒரு வாரம் தங்க இடம் வேண்டும் என்றும் கேட்டான். அந்த ஒரு வாரம் பதினொரு வருடம் ஓடியது.

பள்ளிக்கூடம் அவனுக்கு நகரத்தில் நல்ல வீடே கொடுத்தது. வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"மஸ்கட்ல இருந்தேன், நைரோபில இருந்தேன், புக்கரெஸ்ட்ல இருந்தேன். எங்க போனாலும் பள்ளிக்கூடத்துக் கட்டில், பள்ளிக்கூடத்துக் கரண்டி. போறப்ப எண்ணிக் கொடுத்துட்டுப் போகணும். இந்த வண்டியில இருக்கறது என் கரண்டி, ஸ்தேர்யோ."

அவனுடைய குடித்தனம் ஒரு வேடிக்கை. காலையில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வண்டியின் கழிப்பறைப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, கழிவுக் குழிக்கு நடப்பான். வழியில் யாரைப் பார்த்தாலும் மந்திரி மாதிரி தலையசைப்பான். பிறகு கை கழுவிவிட்டு, பழைய ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம். ஜனவரியில் குழாய் உறைந்தால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவான். பிள்ளைகளைக் கணக்குப் போட்டிக்கு அழைத்துப்போக அவனைச் சோஃபியாவுக்கும் பெல்கிரேடுக்கும் அனுப்புவார்கள். பிள்ளைகளும் மற்ற வாத்தியார்களும் ஹோட்டலில் படுக்க, இவன் அந்த ஹோட்டலின் பின்பக்கம் வண்டியை நிறுத்திப் படுப்பான். அந்த நாட்களில் இங்கே அவன் இடம் காலியாகக் கிடக்கும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு பலகைகளை மட்டும் போட்டுவிட்டுப் போவான். கயிறு கட்டமாட்டான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தப் பள்ளியின் வெளிநாட்டு வாத்தியார்கள் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். ஜூன் மாதமானால் யாராவது ஒருவருக்கு என் முகாமில் பிரிவு விருந்து நடக்கும். கட்டிப்பிடிப்பார்கள், கண் கலங்குவார்கள், "தொடர்பில் இருப்போம்" என்பார்கள். அடுத்த செப்டம்பரில் அந்த நாற்காலியில் வேறு ஒரு முகம் இருக்கும். மத்தைஸ் மட்டும் நிலைத்தான். கிரேக்க மொழி கற்றான், வானொலிச் செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசினாலும்.

அவனுக்குப் பள்ளியில் ஒரு நண்பன். பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஆர்க்கிரிஸ், எங்கள் ஊர்க்காரன், வாய்க்காரன். இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. அந்த அண்ணன் தம்பி உறவு முதல் வருடமே ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் பிறந்தநாள் என்பது குழந்தைகள் சமாசாரம். பெரியவர்களுக்குப் பெயர்நாள்தான். எந்தப் புனிதரின் பெயர் வைத்திருக்கிறார்களோ அவருடைய நாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்துவைத்து, தட்டில் இனிப்பும் குவளையில் மதுவும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். வேண்டியவன் வருவான், வந்து "நூறு வருஷம் இரு" என்பான். அழைத்துத்தான் வருகிறான் என்றால் அவன் வேண்டியவனே இல்லை. அந்த முதல் நவம்பரில் ஆர்க்கிரிஸின் பெயர்நாளுக்கு மத்தைஸ் போகவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஆர்க்கிரிஸ் பிடித்துக்கொண்டான்.

"ஏன்யா வரலை? என் மூஞ்சி பிடிக்கலையா?"

"நீ கூப்பிடலையே?"

"கூப்பிடணுமா? நான் என்ன உனக்குக் கல்யாணப் பத்திரிகையா அடிக்கணும்?"

மத்தைஸ் அரண்டுபோய், அன்று மாலையே ஒரு பெட்டி இனிப்போடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றான். அதற்குப் பிறகு ஒரு பெயர்நாள் விட்டதில்லை. யோர்யோஸ்கள், திமித்ரிஸ்கள், எலெனிகள், பள்ளிக் காவலாளியின் மாமியார் உட்பட எல்லோர் வீட்டுக்கும் போனான். "அழைக்காமல் போவதுதான் அன்பு" என்று பாடமாகவே மனப்பாடம் செய்துகொண்டான். ஆர்க்கிரிஸும் அந்தச் சண்டையிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டான். வருடா வருடம் அதைக் கதையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பான். "எங்க மத்தைஸ் இருக்கானே, வடக்கத்திக்காரன், அழைப்பு இல்லாம சொர்க்கத்துக்குள்ளயும் நுழையமாட்டான். அவங்க ஊர்ல கூப்பிடாம வீட்டுக்குப் போனா போலீஸைக் கூப்பிடுவாங்களாம்."

நானும் சிரித்திருக்கிறேன். நல்ல கதைதான் அது.

போன வருடம் அவனுக்கு அறுபத்தைந்து முடிந்தது. அடுத்த ஜூனோடு வேலை சரி என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஹாலந்தில் ஸ்வோல்லேவில் இருக்கும் மகள் ஃபெம்கே, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை ஒதுக்குகிறேன், வருகிறீர்களா இல்லையா என்று நவம்பர் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றாள். இல்லையென்றால் அதை வேறொருவருக்கு விட வேண்டும். அவன் வாரக்கணக்கில் பதில் சொல்லாமல் இருந்தான்.

"இங்கேயே இரு வாத்தியாரே. உன் இடத்தை யார் கேட்டா?" என்றேன்.

"பள்ளிக்கூடம் இல்லேன்னா நான் இங்க யாரு?"

"என் தலைவலி."

அவன் சிரிக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து காலணியின் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னான். "நவம்பர் பதினாறாம் தேதி புனித மத்தேயு நாள், என் பேர்நாள். எல்லார் வீட்டுக்கும் போயிருக்கேன். இந்தத் தடவை நான் வீட்ல இருக்கப்போறேன். யாராவது வந்தா, இங்கேயே இருந்துடறேன்."

"நல்லது. ஆர்க்கிரிஸ்கிட்ட நான் சொல்லிடறேன்."

"சொல்லக்கூடாது. சொல்லி வந்தா அது பேர்நாளா? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. நீயும் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

செய்து தொலைத்தேன். அவனும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் எப்படி நாசூக்காகச் சொல்வார்களோ அப்படியே ஆசிரியர் அறையில், "பதினாறாம் தேதி சாயங்காலம் நான் வீட்லதான் இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறான். இதையே ஒரு கிரேக்கன் சொல்லியிருந்தால் இருபது பேர் கேக் பெட்டியோடு படையெடுத்திருப்பார்கள். ஹாலந்துக்காரன் வாயிலிருந்து வந்ததால், எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது, பாவம், என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் வரைக்கும் மழை. மத்தைஸ் சேற்றில் முட்டிபோட்டு, வண்டியின் நாலு மூலையும் மட்டமாக நிற்கும் வரை பலகை செருகினான். குவளைகள் நழுவக்கூடாதாம். முன்கூரைத் துணியை இழுத்துக் கட்டி, அடியில் கம்பளம் விரித்தான். என் கடையிலிருந்து நாற்காலிகளை வாங்கிப்போய் அடுக்கினான். சர்க்கரைத் தூள் தூவிய பாதாம் பிஸ்கட், புளிச்செர்ரி மது, மகள் எப்போதோ அனுப்பிய வெள்ளை மேசைத்துணி. ஸ்மாரோ கீரைப் பணியாரத் தட்டோடு போனாள். நானும் சட்டை மாற்றிக்கொண்டு போய், "நூறு வருஷம் இரு வாத்தியாரே" என்று உட்கார்ந்தேன்.

"பாத்தியா, ரெண்டு பேர் வந்தாச்சு" என்றாள் ஸ்மாரோ.

"நீங்க வீட்டு ஆளுங்க. கணக்குல வரமாட்டீங்க" என்றான். அது எனக்கு இனித்தது.

சாலையில் கார் விளக்கு தெரியும்போதெல்லாம் அவன் தோள் நிமிரும். கார் நேராகப் போய்விடும். ஒரு வண்டி மட்டும் வாசலில் திரும்பி உள்ளே வந்தது. அவன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டான். வந்தது கழிவுத்தொட்டி உறிஞ்சும் லாரி. மழைக்குத் தொட்டி நிரம்பியதால் காலையில் நான்தான் போன் செய்திருந்தேன். மத்தைஸ் அந்த ஓட்டுநரையும் உட்கார வைத்துத் தட்டை நீட்டினான். அவன் மூன்று பிஸ்கட் தின்று, "யாருக்கு விசேஷம்? நூறு வருஷம் இருங்க" என்று வாழ்த்திவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு போனான்.

"இவனைக் கணக்குல சேத்துக்கலாமே" என்றேன்.

"அவரை நீ கூப்பிட்டிருந்தே" என்றான் மத்தைஸ்.

இருட்டிய பிறகு போன் அடித்தது. ஆர்க்கிரிஸ். அவன் குரல் எப்போதுமே பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசும் குரல்.

"மத்தேயோ! இன்னிக்கு உன் நாளாம்ல? நாள்காட்டியில பாத்தேன்! நூறு வருஷம் இரு! என்ன பண்றே?"

"வீட்ல இருக்கேன்."

"வேற யாராவது இருக்காங்களா?"

"ஸ்தேர்யோஸும் ஸ்மாரோவும்."

"ஓ... சரி... வேற ஒண்ணும் இல்லையே?"

நான் கையை ஆட்டினேன். வாயசைத்தேன். வரச்சொல்லுய்யா, ஒரு வார்த்தை, கழுதை! ஸ்மாரோ என் தொடையைக் கிள்ளினாள். மத்தைஸ் என்னைப் பார்த்தபடியே, "ஒண்ணும் இல்ல ஆர்க்கிரி. நன்றி" என்று வைத்துவிட்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு 'வா'ன்னு சொன்னா உன் வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"நீங்க யாராவது சொல்வீங்களா, பேர்நாள் அன்னிக்கு?"

நாங்கள் சொல்லமாட்டோம். செத்தாலும் சொல்லமாட்டோம்.

அவன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, யாரும் தொடாத குவளைகளையும் சேர்த்துக் கழுவினான். பிறகு எங்கள் முன்னாலேயே மகளைப் போனில் கூப்பிட்டான். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. அந்தப் பெண் மறுமுனையில் சந்தோஷத்தில் கத்தியது மட்டும் கேட்டது.

ஜூனில் அவனுக்குப் பிரிவு விருந்து, என் முகாமிலேயே. பள்ளிக்கூடம் அழைப்பு அனுப்பியிருந்தது. வராதவர் யாருமில்லை. பழைய மாணவர்கள், காவலாளி, அவன் மாமியார், இந்த வருடம் சேர்ந்து அவனோடு நாலு வார்த்தை பேசாதவர்கள் கூட வந்தார்கள். பரிசுகள் குவிந்தன. பறக்கப்போகிறவனுக்குக் கையில் தூக்க முடியாத அளவு ஆலிவ் எண்ணெய் டின். வண்டியை ஒரு பெல்ஜியத் தம்பதி ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், வாரக் கடைசியில் வந்து ஓட்டிப்போக வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் வரிசையாக உள்ளே ஏறிப் பார்த்து, "அட, எவ்வளவு அழகா வச்சிருக்கான்! வீடு மாதிரியே இருக்கே!" என்றார்கள். எனக்கு ஒவ்வொருவரையும் இழுத்துக் கடலில் தள்ள வேண்டும் போலிருந்தது.

ஆர்க்கிரிஸ் நிறையக் குடித்துவிட்டு மத்தைஸின் தோளில் சாய்ந்து அழுதான். "பதினொரு வருஷம்டா! ஒரு தடவைகூட இந்த வண்டிக்குள்ள என்னைக் கூப்பிட்டதில்லையேடா நீ! நான் உனக்கு அவ்வளவுதானா?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது. "யோவ், நவம்பர்ல உன் பிரண்டு கம்பளம் விரிச்சு, கோட்டு மாட்டி, சாயங்காலம் பூரா உங்களுக்காகத்தான்யா உக்காந்திருந்தான்! ஒருத்தன் வரலை. வந்திருந்தா இவன் ஊரைவிட்டே போகமாட்டான்!"

மத்தைஸ் தரையைப் பார்த்தான். ஆர்க்கிரிஸ் முகத்தில் போதை இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் சட்டை மாத்திட்டு வீட்ல உக்காந்திருந்தேன்" என்றான் மெதுவாக. அந்த மனிதன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "கூப்பிடாம போனா இவனுக்குப் பிடிக்காதேன்னு. கூப்பிடுவான்னுதான் போன் பண்ணினேன். சாவி கையிலயே இருந்துச்சு. எங்க வீட்ல கேக்கு செஞ்சு வச்சிருந்தா."

மத்தைஸ் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். பிறகு அந்த வானொலிக் கிரேக்கத்தில், மாணவனிடம் விடை கேட்பதுபோல, ஒன்றே ஒன்று கேட்டான்.

"கேக் என்னாச்சு?"

"நாங்களே தின்னுட்டோம்" என்றான் ஆர்க்கிரிஸ்.