பரமட்டா பெஞ்சில் ஒரு ஜப்பானியக் கதை

பரமட்டா ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் ஜப்பானியச் சிறுகதை ஒன்று வாசிக்கிறேன். பிறந்த வீட்டிலேயே வாழும் ஒருவனிடம் அக்கம்பக்கத்தார் தினமும் வந்து, "எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்?" என்று பணிவாகக் கேட்கிறார்கள். பின்னட்டை இதை 'நடக்கவே முடியாத கனவு' என்கிறது.

பக்கத்தில் மகளோடு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கதையைச் சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"இதில என்ன கனவு, அண்ணா? இவள் இங்க பக்கத்தில, மெரிலேண்ட்ஸில பிறந்தவள். எங்கட விசாவுக்கு இன்னும் முடிவு வரேல்ல. எப்ப திரும்பிப் போறியள் எண்டு அதிகாரிகள் இவளையும் சேர்த்துத்தான் கேக்கினம். இவள் அந்த நாட்டைக் கண்டதே இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கனவாம். பின்னட்டை எழுதியவரை இந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்.

எதிரே நிற்கும் தமிழ்ப் பெரியவர் குனிந்து, அன்பாகத்தான், சிறுமியிடம் கேட்கிறார்: "பிள்ளை எவ்விடம்?"

"மெரிலேண்ட்ஸ்."

"அது இல்லையம்மா, ஊரில எவ்விடம்?"