டத்தோவுக்கு முதுகு காட்டிய கருவி

பிளாஸ்மா எவ்வளவு வேகமாக உள்நோக்கிச் சுருங்குகிறது என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கேட்கப் பெரிதாக இருக்கும். கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து, கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே அடியாகப் பாய்ச்ச வேண்டும். டமார்! வாயு பிளாஸ்மாவாகிச் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கிப் பாயும். பக்கவாட்டிலிருந்து அதன் ஒளியை, நிறங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தால், நம்மை நோக்கி வரும் பாதியின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போகும் பாதியின் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்ந்து, ஒரே கோடு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியை வைத்து வேகத்தைச் சொல்லிவிடலாம்.

எங்கள் கோலாலம்பூர் ஆய்வகத்துக் கெப்பாசிட்டர் கிழடு தட்டியிருந்தது. இன்னும் ஒரே ஒரு டமார் தாங்கும். என் பட்டத்துக்கு அந்த ஒன்று போதும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் தலைமையில் திறப்பு விழா வந்தது. வருடக்கணக்காக ஓடும் ஆய்வகத்துக்குத் திறப்பு விழா! ‘பிளாஸ்மா வேகத்தை அளந்து சாதனை’ என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் பேனரும் அடித்துவிட்டார்கள். அளப்பது மட்டும்தான் பாக்கி.

விழாவன்று காலை துறைத்தலைவர் நிறமாலைமானியைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இது ஏன் சைடுல நிக்குது? டத்தோவுக்கு முதுகு காட்டுதே. குழாய் வாய்க்கு நேரா முன்னால வைங்க, போட்டோல நல்லா விழும்.”

“டாக்டர், வாய்ப் பக்கமிருந்து பாத்தா பிளாஸ்மா குறுக்காதான் ஓடும்; நம்மகிட்ட வரவும் செய்யாது, போகவும் செய்யாது. கோடு பிரியாது. வேகமே தெரியாது.”

“இன்னிக்கு ஒரு நாள்தான் லா. நாளைக்குத் திருப்பிக்குங்க.”

“நாளைக்குக் கெப்பாசிட்டர் உயிரோட இருக்காது டாக்டர்!”

அதற்குள் அவர் பூமாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். இரண்டு பேர் வந்து கருவியைத் தூக்கி, குழாய் வாய்க்கு நேரே, டத்தோ உட்காரும் பக்கம் திரை தெரிய மரியாதையாகத் திருப்பி வைத்தார்கள்.

டத்தோ பொத்தானை அழுத்தினார். டமார். திரையில் ஒற்றைக் கோடு நின்றது. கைதட்டல் ஓய வெகு நேரமானது. கெப்பாசிட்டரிலிருந்து எண்ணெய் ஒழுகியது; யாரோ ஒரு பூச்சாடியை நகர்த்தி அதை மறைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. போட்டோவில் அது ஆனந்தக் கண்ணீராக விழுந்திருக்கிறது.

கிள்ளான் வீட்டில் அம்மா அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். “எம் பொண்ணு கண்டுபிடிச்சது” என்று, வருகிறவர்களிடமெல்லாம் திரையிலிருக்கும் கோட்டைத் தொட்டுக் காட்டுகிறார். அந்தக் கோட்டின்படி எங்கள் பிளாஸ்மா இம்மியும் நகரவில்லை. புதுக் கெப்பாசிட்டர் வரும்வரை நானும்தான்.